பெயர் சொல்லாத மண்டலம்

கார்த்திகை 1

விடியுமுன் மாலை போட்டாகிவிட்டது. போடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் தெய்வேந்திரன் இன்றிலிருந்து குருசாமி. இருபத்தாறாவது வருடம். கோயிலில் பதினெட்டுப் பேருக்கு அவர் கையால் மாலை போட்டார். எல்லோரும் காலில் விழுந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டையும் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் டப்பாவில் போட்டு மூடினார்.

"விரதத்துல மருந்து ஆகாது. தீர்த்தம்தான் மருந்து. எங்க குருசாமி சொன்னது."

அந்தக் குருசாமி பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அதை இந்த ஊரில் ஒருத்தரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நான் சொன்னால் விரத வீட்டில் அபசகுனம் பேசுகிறேனாம்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மாலை கழுத்தில் இருக்கும் வரைக்கும் சிகரெட் கிடையாது, பாட்டில் கிடையாது, கறி கிடையாது. பச்சைத் தண்ணீரில் குளியல், வெறுங்காலில் நடை. மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடைவாசலில் புகை மண்டும். வருடத்தில் ஒரு மண்டலம் மட்டும் மனுஷனாக இருப்பதற்கு இவ்வளவு பூசை.

கார்த்திகை 3

ராத்திரி அவருக்குப் பாலும் பழமும்தான். வாழைப்பழத்தைப் பிசையும்போது மாத்திரையையும் பொடித்துக் கலந்துவிட்டேன். போன வருடமும் இதையே செய்தேன். சாமி குத்தம் என்றால் என் தலையில் விழட்டும். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து எத்தனையோ தலைமையாசிரியர்களைச் சமாளித்தவள் நான்.

கார்த்திகை 6

கோயமுத்தூரிலிருந்து யமுனா போன் செய்தாள். பெற்ற மகள் என்று பார்த்தால் வாயில் வருவது எல்லாம் வம்பு.

"அம்மா, அப்பா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு எத்தன நாளாச்சு, யோசிச்சியா?"

"மாலை போட்டிருக்காருடி. விரதத்துல எல்லாரும் சாமிதான். பேர் சொல்ல மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"ஆடில வந்தப்பவும் பாப்பா, பாப்பான்னுதாம்மா கூப்பிட்டாரு. நாப்பது வயசு ஆகப்போகுது எனக்கு. ஒரு டாக்டர்கிட்டக் காட்டு."

போனை வைத்துவிட்டேன். பெற்ற அப்பனைப் பைத்தியம் என்று சொல்ல இவளுக்கு எப்படி வாய் வருகிறது? பாப்பா என்று கூப்பிட்டால் என்ன தேய்ந்துவிடும்? ஆடி மாதத்தில் விரதம் இல்லைதான். அதனால் என்ன.

கார்த்திகை 8

தோட்டத்துக்காரர் ஒருவர் தண்ணீர் மோட்டாரை இரண்டாவது முறையாகத் திருப்பிக் கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டுக் கத்திவிட்டுப் போனார். இப்போது வரும் கம்பி எல்லாம் மட்டம். கம்பியைச் சொல்லாமல் ஆளைச் சொல்கிறார்கள்.

கார்த்திகை 10

மூட்டு வலிக்காக டாக்டர் நல்லசிவத்திடம் போனேன். களிம்பு எழுதிக் கொடுத்தார். அவரும் மாலை போட்டிருக்கிறார். வேறு ஒன்றும் பேசவில்லை.

தோசைக்கு அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். மறதி எல்லோருக்கும் வருவதுதான்.

கார்த்திகை 11

இன்று எங்கள் வீட்டில் பஜனை. வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். "தவமணி சாமி வந்திருக்காரு", "கவியரசன் சாமி வந்திருக்காரு" என்று நான் உரக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு, பூசை வேலை செய்யும் தவமணி சிரித்தார்.

"மாளிகப்புறம், என்ன கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி?"

விரதத்தில் பெண்களை மாளிகப்புறம் என்றுதான் கூப்பிடுவார்கள். தவமணிதான் கூட்டத்தில் இவருக்கு அடுத்தபடி. கவியரசன் போன ஆவணியில் கல்யாணம் முடித்த பையன், செல்போன் கடை வைத்திருக்கிறான், இது அவனுக்கு முதல் மலை. கன்னிச்சாமி. இவர் எல்லோரையும் "வாங்க சாமி" என்றார். சரியாகத்தானே சொன்னார். விரதத்தில் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

பாட்டில் ஒரு இடத்தில் நின்றார். தவமணி அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். பக்தியில் தொண்டை அடைத்துவிட்டதாம் குருசாமிக்கு. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கார்த்திகை 13

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

சாயங்காலம் தவமணி வீட்டு பஜனைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்துத் தவமணி போன் செய்து, "குருசாமி இன்னும் வரலியே" என்றார். மூட்டு வலியோடு தெருத் தெருவாகத் தேடினேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நின்று, பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாவிய எங்க வச்ச?" என்றார் என்னைப் பார்த்து.

அந்த வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே, "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்க்கா, பழைய வீட்டப் பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். எனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் பொய் வந்தது?

பத்தாம் தேதி எழுதியது முழுசில்லை. களிம்பு எழுதிய பிறகு டாக்டர், "குருசாமி மாத்திரை சாப்பிடுறாரா?" என்று கேட்டார். விரதத்தில் நிறுத்திவிடுவார், அப்புறம் பொங்கல் வரைக்கும் இழுப்பார், நடுவில் உடம்பு நன்றாக இருந்தால் அப்போதும் விட்டுவிடுவார் என்றேன். மறதியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். யமுனா சொல்வதாகச் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இதயத்துக்கு எது கெடுதலோ அதுதான் மூளைக்கும் கெடுதல். மூளை பூராவும் ரத்தக் குழாய்தான. நாப்பது, அம்பது வயசுல பிரஷரக் கட்டுக்குள்ள வைக்காம விட்டா, பின்னால அல்சைமர் மாதிரி மறதி நோய் வர்ற வாய்ப்பு கூடுது. சர்க்கரை, கொழுப்பு, சிகரெட், உக்காந்தே இருக்கிறது எல்லாம் அப்படித்தான். கட்டாயம் வரும்னு சொல்லல. வாய்ப்பு கூடும்."

"இத்தன வருசமா யாருமே சொல்லலியே டாக்டர்?"

"ஹார்ட் அட்டாக் வரும்னு சொல்லியிருப்போம்."

சொல்லியிருப்பார்களாம்! ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் சிவப்பாக ஒரு இதயம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு மூளையையும் வரைந்தால் மை தீர்ந்துவிடுமா? மாரடைப்பு என்றால் இவர், "போற உசுரு ஒரு நிமிசத்துல போகட்டும், நல்ல சாவுதான" என்பார். எத்தனை முறை சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், உன் மகள் பேர் போகும், உன் வீட்டு வாசல் போகும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த மனுஷன் பயந்திருப்பார். எனக்குத் தெரியும், பயந்திருப்பார்.

டாக்டரிடமே கேட்டேன், நீங்கள் மாலை போட்டுக்கொண்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. "காலைல சரணம் சொல்லிட்டு ரெண்டு மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல" என்றார். பொடித்துக் கலப்பதைச் சொன்னதும் திட்டினார். எல்லா மாத்திரையையும் உடைக்கக் கூடாதாம்.

இப்படி இருக்கிறவர் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு எருமேலியிலிருந்து காட்டு வழியாகப் பெரிய பாதையில் போகப்போகிறார். போகாதீர்கள் என்றால் கேட்க மாட்டார். மற்றவர்களிடம் சொன்னால் இருபத்தாறு வருட மரியாதை ஒரு நாளில் போய்விடும். ராத்திரி முழுக்க இதுதான் ஓடுகிறது.

கார்த்திகை 14

நானும் மாலை போட்டுக்கொண்டேன். வயது அறுபது ஆகிவிட்டது, மலைக்குப் போகத் தடையில்லை.

தவமணி முகத்தைச் சுளித்தார். "ஒரு மண்டலம் ஆகலியே மாளிகப்புறம்."

"உங்க கூட்டத்துல கிளம்புறதுக்கு மொத நாள் மாலை போட்டவங்க எத்தன பேருன்னு சொல்லட்டுமா?" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இவர்தான் மாலையை என் கழுத்தில் போட்டார். கை நடுங்கவில்லை. மந்திரம் பிசகவில்லை. "பயப்படாம வாங்க, நான் இருக்கேன்" என்றார்.

கார்த்திகை 22

கருவேப்பிலைத் துவையல். உப்பு சரியாக இருந்தது. சண்டை எதுவும் இல்லை.

மார்கழி 5

இருமுடிக் கட்டு நிறைந்தது. கூட்டம், சரணம், சாம்பிராணிப் புகை. தண்ணீர் எடுத்துக் காயவைத்த தேங்காய்களை, இரண்டு கூடுதலாகவே, ஒரு கூடையில் வைத்திருந்தோம். ஒவ்வொரு சாமியும் தன் கையால் தேங்காய்க் கண்ணில் நெய்யை ஊற்ற, இவர் வாங்கி அடைத்து, மாவு பூசி, இருமுடிக்குள் வைத்துக் கட்டினார். கன்னிச்சாமிக்கு அவன் பெண்டாட்டியும் அம்மாவும் அழுதுகொண்டே அரிசி போட்டார்கள்.

எல்லாம் முடிந்து கூடையைத் தூக்கும்போது ஒரு காய் கனத்தது. கண்ணில் நெய் மின்னியது. ஊற்றிய காய் இங்கே இருக்கிறது என்றால், அடைத்துக் கட்டிய ஏதோ ஒரு இருமுடிக்குள் வெறும் காய் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. கட்டிய கட்டை அவிழ்க்கச் சொல்ல முடியாது. சரணம் சொல்லி எல்லோரும் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

நானே அந்தக் காயை அடைத்து என் தோள் பைக்குள் வைத்துக்கொண்டேன். சன்னிதானத்தில் சமயம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மார்கழி 7

கரிமலை ஏற்றம். மூட்டு போயே போய்விட்டது. இவர் முன்னால் போகிறார், காலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எந்தத் திருப்பத்தில் பாறை வழுக்கும், எந்த இடத்தில் ஊற்றுத் தண்ணீர் என்று அடி பிசகாமல் சொல்லிக்கொண்டே நடந்தார். கன்னிச்சாமிக்கு மூச்சு வாங்கியபோது அவன் முதுகைத் தடவிவிட்டார். இந்த மனுஷனுக்கா நோய்? டாக்டருக்குத்தான் தப்பு என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். சந்தோஷமாக இருந்தது.

மார்கழி 9

நேற்று சன்னிதானத்தில் நடந்ததை வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். குமுளி தாண்டிவிட்டோம். என்னோடு யாரும் பேசவில்லை.

படி ஏறித் தரிசனம் முடிந்து, காலையில் அபிஷேகத்துக்கு நெய்த்தேங்காய் உடைத்தோம். சமயம் பார்த்து மாற்றுவதாவது! அந்தக் கூட்டத்தில் கையை நீட்டக்கூட இடமில்லை. ஒவ்வொரு காயாக உடைத்துப் பாத்திரத்தில் நெய் விழுந்தது. கவியரசன் காயை உடைத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடும் பருப்பும்தான்.

தவமணி அந்தப் பையனைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"சாமி, விரதம் சுத்தமா இருந்தீங்களா?"

"இருந்தேன் சாமி. சத்தியமா இருந்தேன்."

"புதுசாக் கல்யாணம் ஆனவரு. மனசறிஞ்சு சொல்லுங்க. நெய்யி உள்ள போனத நாங்க எல்லாரும் பாத்தோம். இப்ப இல்லன்னா என்ன அர்த்தம்?"

பையன், "அவ அவங்க அம்மா வீட்லதான் சாமி இருந்தா" என்றான். பதினெட்டுப் பேர் முன்னால் ஒரு பிள்ளை தன் படுக்கையைப் பற்றிச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தவமணி இவர் பக்கம் திரும்பினார். "குருசாமி, நீங்க சொல்லுங்க."

இவர் அந்தத் தேங்காய் மூடியை வாங்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு நிதானமாக, "தோசந்தான். ஊருக்குப் போனதும் பரிகாரம் பண்ணணும். பொண்ணு வீட்லயும் சொல்லணும்" என்றார்.

பையன் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஓடுகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பைக்குள்ளிருந்து காயை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"இந்தா, நீ ஊத்துன நெய்யி. எந்திரி. உன் விரதத்துல ஒரு குறையும் இல்ல. கட்டுக்குள்ள வெறுங்காய மாத்தி வச்சது இவரு."

"என்ன மாளிகப்புறம் பேசுறீங்க?" என்றார் தவமணி.

"தோசமும் இல்ல, சோதனையும் இல்ல. நோய். இவருக்கு மறதி நோய். இருவது வருசமா பிரஷரையும் சர்க்கரையும் கண்டுக்காம விட்டு, வருசா வருசம் விரதம்னு சொல்லி மாத்திரைய நிறுத்தி, மாலையக் கழட்டுன அன்னிக்கே சிகரெட்டப் பத்த வச்சு, இவரே இழுத்துக்கிட்டது."

"சன்னிதானத்துல நின்னு குருசாமிய இப்படியா பேசுறது?"

"இங்க நின்னு பொய் பேசலாமா? உங்களுக்குத் தெரியாதா தவமணி? பாட்டுல அடி விட்டப்ப எடுத்துக் குடுத்தது யாரு? போன வருசம் வேன்ல ஏறாம நின்னவரக் கையப் புடிச்சு ஏத்துனது நீங்கதான? தெரிஞ்சுக்கிட்டே ஒரு சின்னப் பையன் குடும்பத்துல தீய வைக்கப் பாத்தீங்களே."

தவமணி தலையைக் குனிந்துகொண்டார். போன வருட வேன் விஷயத்தை நான் ஊகித்துத்தான் சொன்னேன். உண்மையாகத்தான் இருந்திருக்கிறது.

நான் மட்டும் யோக்கியமா? காயை மறைத்துத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவள் நான்தானே. அதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

கவியரசன் காயை உடைத்தான். நெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. அபிஷேகத்துக்குப் போனது.

இவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எல்லார் முன்னாடியுமா?" என்று மட்டும் கேட்டார். இருபத்தாறு வருடம் யார் கண்ணிலும் தாழாமல் நின்ற மனுஷன். அவருக்கு அந்த நிமிடம் எல்லாம் புரிந்திருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மார்கழி 10

கோயிலில் மாலை கழற்றும் சடங்கு. மற்றவர்களுக்கு எல்லாம் இவரே கழற்றினார். தவமணி தடுக்கவில்லை. அதற்காக அந்த ஆளைக் கொஞ்சம் மன்னிக்கலாம். கவியரசனும் இவர் முன்னால்தான் குனிந்தான். இவர் காலையும் தொட்டான்.

இவருக்கு மாலையைக் கழற்றிவந்தது இவருடைய அம்மா. அந்த அம்மா போன பிறகு நான். கழுத்தை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"கழட்ட மாட்டேன்."

"மாளிகப்புறம், மலைக்குப் போயிட்டு வந்தாச்சு. கழட்டணும். அதுதான முறை" என்றார் தவமணி.

"இது கழுத்துல இருந்தாத்தான் இந்த மனுசன் சிகரெட்டத் தொட மாட்டாரு, குடிக்க மாட்டாரு. காலைல எந்திரிச்சு நடப்பாரு. டாக்டர் சொல்றதுல முக்காவாசி இதுலயே இருக்கு. மிச்சம் மாத்திரை. கழட்டுனா இவரு நாளைக்கே கடைவாசல்ல புகை விடுவாரு. மறுபடி யாரு காவல் காக்குறது, நீங்களா?"

"விரதத்துல மாத்திரை சாப்பிட மாட்டாரே."

"குருசாமி சொன்னா சாப்பிடணும்ல? அவரு குருசாமி செத்துப்போயிட்டாரு. இன்னியிலருந்து இவருக்குக் குருசாமி நான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். பையில் கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். இவர் என் முகத்தையும் மாத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் "சாமி சரணம்" என்று சொல்லி விழுங்கினார்.

தை 12

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். யமுனா லீவு போட்டு வந்தாள். மூளையில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் பல இடத்தில் அடைபட்டிருக்கின்றன, கூடவே அல்சைமரும் தொடங்கியிருக்கிறது, இரண்டும் சேர்ந்தே இருப்பது நிறையப் பேருக்கு உண்டு என்றார் அங்கிருந்த டாக்டர். போனது திரும்பாது. இருப்பதைக் கொஞ்ச நாள் கூடக் காப்பாற்றிப் பார்க்கலாம்.

யமுனா ஆஸ்பத்திரி வராந்தாவில், "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

மாசி 4

சிகரெட் இல்லை. காலையில் இரண்டு பேரும் நடக்கிறோம். மாசி மாதத்திலும் மாலையா என்று தெருவில் கேட்கிறார்கள். உங்கள் வீட்டு வேலையைப் பாருங்கள் என்கிறேன். கடையைக் கவியரசனின் தம்பி எடுத்து நடத்துகிறான்.

பங்குனி 9

டாக்டர் நல்லசிவத்திடம் இவருக்கு மாதப் பரிசோதனை. பிரஷர் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நூற்றிருபதுக்கு எண்பது. சர்க்கரையும் சரியாக இருக்கிறது, கொழுப்பும் இறங்கிவிட்டது.

"பிரமாதம்மா. நான் பாக்க ஆரம்பிச்சதுலருந்து இப்பத்தான் இப்படி வருது. இருவது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு."

இருபது வருடமாக இந்த எண் எங்கே போயிருந்தது? ஒரு மாத்திரை, கொஞ்சம் நடை, கையில் சிகரெட் இல்லாமல் இருப்பது, இவ்வளவுதானா? இதற்காகவா என் பிள்ளையின் பெயரைக் கொடுத்தோம்? டாக்டரைத் திட்ட வாயெடுத்தேன். அவர் மேல் தப்பில்லை. தவமணியைத் திட்டியாகிவிட்டது. செத்துப்போன குருசாமியைத் தினமும் திட்டுகிறேன். என்னைத் திட்டுவதற்கு நேரம் போதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், சத்தம் போட்டு அழுதுவிட்டேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து இவர் எழுந்து வந்தார். முதல்முறை மாலை போட்டு வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

"அழாதீங்க சாமி. ஒரு மண்டலந்தான. ஓடிப் போயிரும்."